பெரிய தணிக்கை நிறுவனத்தில் இளம் கணக்காளர்: எவ்வளவு காலம், எதற்காக?

பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேரப்போகும் இளைஞர்கள் முதலில் கேட்பது வேலை நேரத்தைப் பற்றித்தான். ராத்திரி எத்தனை மணிக்கு விடுவார்கள், சனிக்கிழமை வரச் சொல்வார்களா, ஆண்டுக் கணக்கு முடியும் சீசனில் லீவு கிடைக்குமா? கேட்க வேண்டியதுதான். ஆனால் எங்கே கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும் என்பதால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த நிறுவனத்துக்கு நாம் எத்தனை வருடம் தேவைப்படுவோம் என்ற கேள்வி இதைவிடப் பயனுள்ளது. அதை யாரும் நேர்காணலில் சொல்ல மாட்டார்கள். நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

லாபத்தில் பங்குள்ள ஒரு பார்ட்னர், அவருக்குக் கீழே மூன்று மேனேஜர்கள், அவர்களுக்குக் கீழே பன்னிரண்டு இளையவர்கள் என்று ஒரு சின்ன அணியை வைத்துக்கொள்வோம். இளையவர் நிலையில் ஒருவர் 4 வருடம் இருப்பார், மேனேஜராக 6 வருடம், பார்ட்னராக 20 வருடம். அணி வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அப்படியானால் வருடத்துக்கு 3 பேர் புதிதாகச் சேர வேண்டும். மேனேஜர் இடமோ இரண்டு வருடத்துக்கு ஒன்றுதான் காலியாகும். பார்ட்னர் இடம் 20 வருடத்துக்கு ஒன்று. அந்த 20 வருடத்தில் உள்ளே வந்தவர்கள் 60 பேர், மேனேஜரானவர்கள் 10 பேர், பார்ட்னரானவர் ஒருவர். இந்த எண்கள் நான் வைத்துக்கொண்டவை. நிஜ நிறுவனத்தில் வளர்ச்சி இருந்தால் விகிதம் கொஞ்சம் இளகும். ஆனாலும் கூம்பின் வடிவம் மாறுவதில்லை.

பார்ட்னருக்கு லாபம் வருவதும் இந்த வடிவத்திலிருந்துதான். இளையவரின் ஒரு மணி நேரத்துக்குக் கிளையன்டிடம் வாங்கும் தொகைக்கும், அந்த மணி நேரத்துக்கு அவருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம், கீழ்த்தட்டு அகலமாக இருக்க இருக்கப் பெருகும். கீழே இருப்பவர்கள் எல்லாரும் தங்கிவிட்டால் சம்பளம் ஏறும், மேலே இடம் இருக்காது, கணக்கு உதைக்கும். ஆகவே பெரும்பாலோர் சில வருடங்களில் வெளியேறுவார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல்தான் மொத்தக் கட்டடமும் நிற்கிறது. 1981-இல் எட்வர்ட் லேசியர், ஷெர்வின் ரோசன் என்ற இரு பொருளியலாளர்கள் இத்தகைய வேலையிடங்களைப் போட்டித் தொடர் போலப் பார்க்கலாம் என்று விளக்கினார்கள். மேலே இருக்கும் ஒரு பெரிய பரிசு, அதை வெல்லாதவர்களையும் சேர்த்து ஓட வைக்கிறது. தணிக்கை நிறுவனங்களுக்கு அந்த விளக்கம் அப்படியே பொருந்தும்.

இது தெரிந்தால் வேறு சில விஷயங்களும் புரியும். ராஜினாமா கொடுத்தவரை இந்த நிறுவனங்கள் ஏன் அவ்வளவு இதமாக வழியனுப்புகின்றன? முன்னாள் ஊழியர்களுக்கென்று ஏன் தனி அமைப்பு, சந்திப்பு, செய்தி மடல்? வெளியே போனவர் பத்து வருடத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் நிதித் தலைவராக உட்கார்ந்திருப்பார், ஆலோசனைப் பணியை யாருக்குத் தருவது என்று அன்றைக்கு அவர்தான் முடிவு செய்வார். விலகியவர் பலர், நிறுவனத்தின் பார்வையில், இன்னும் வாங்காத வாடிக்கையாளர்கள்.

நாம் சேர்வது எதில் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். டிலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி ஆகிய நான்கையும் உலகளாவிய ஒற்றைக் கம்பெனிகள் என்று நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொன்றும், பெரும்பாலும் நாட்டுக்கு நாடு தனித்தனியாக இயங்கும் நிறுவனங்கள் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டமைப்பு. ஒரு நாட்டு நிறுவனத்தின் லாபமோ நஷ்டமோ பொதுவாக இன்னொன்றுடையது ஆகாது. 'ரெண்டு வருஷம் இங்கே, அப்புறம் லண்டன்' என்று மனக்கோட்டை கட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த மாற்றம் ஒரே கம்பெனிக்குள் நடக்கும் இடமாற்றம் கிடையாது. அங்கிருக்கும் நிறுவனத்துக்கு ஆள் தேவைப்பட வேண்டும், விசா கிடைக்க வேண்டும், இங்கிருப்பவர்கள் விட வேண்டும்.

நான்கு என்ற எண்ணும் நிலையானதாக இருந்ததில்லை. 1980-களின் நடுவில் எட்டு நிறுவனங்கள் இருந்தன. 1987-இல் கேபிஎம்ஜி உருவானது. 1989-இல் நடந்த இரண்டு இணைப்புகளில் எர்ன்ஸ்ட் அண்ட் யங்கும் (இன்றைய ஈஒய்) டிலாய்ட் அண்ட் டூஷும் வந்தன. 1998-இல் ப்ரைஸ் வாட்டர்ஹவுஸும் கூப்பர்ஸ் அண்ட் லைப்ராண்டும் சேர்ந்து பிடபிள்யூசி ஆயின. மீதமிருந்த ஐந்தில் ஆர்தர் ஆண்டர்சன், அமெரிக்க எரிசக்திக் கம்பெனியான என்ரானின் கணக்கு மோசடி விவகாரத்தில் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு 2002-இல் சரிந்தது. அந்தத் தண்டனையை 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் நிறுவனமே இல்லாமல் போயிருந்தது. என்ரான் கணக்கைக் கண்ணால்கூடப் பார்த்திராத பல்லாயிரம் இளம் ஊழியர்கள் வேறு வேலை தேடினார்கள். பெயர் பெரிதாக இருப்பதால் வேலை பத்திரம் என்று யாராவது சொன்னால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய கதை.

இனி வேலை நேரம். சீசன் என்பது யாரோ ஒரு கொடுமைக்கார மேனேஜர் கண்டுபிடித்ததல்ல. ஏராளமான கம்பெனிகள் ஒரே தேதியில் நிதியாண்டை முடிக்கின்றன. பல நாடுகளில் அது டிசம்பர் 31. அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட மிகப்பெரிய கம்பெனிகள் அதிலிருந்து 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அடுத்த அளவில் உள்ளவற்றுக்கு 75 நாட்கள், சிறியவற்றுக்கு 90. வருடம் முழுக்கப் பரவியிருக்க வேண்டிய வேலை இரண்டு மூன்று மாதங்களில் வந்து குவிகிறது. அதற்காக மட்டும் ஆள் எடுத்தால் மற்ற மாதங்களில் சும்மா இருப்பார்கள். எனவே இருப்பவர்களே இரட்டிப்பாக உழைக்கிறார்கள்.

பார்ட்னர் கையெழுத்துப் போட்ட அன்றே எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. தணிக்கைக் கோப்பை முழுமையாக்கி மூடுவதற்கு, சர்வதேசத் தரநிலைப்படி, அறிக்கைத் தேதிக்குப் பிறகு வழக்கமாக 60 நாள் அவகாசம் உண்டு. அமெரிக்காவில் 45 நாளாக இருந்த அவகாசத்தை 14 நாளாகக் குறைத்துவிட்டார்கள். பெரிய தணிக்கை நிறுவனங்களுக்கு 2024 டிசம்பர் 15-லோ அதன் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கான தணிக்கையிலிருந்து இது பொருந்தும். விதி தொழிலுக்கு நல்லது. ஆனால் சீசன் முடிந்ததும் நிதானமாகக் கோப்பை ஒழுங்குபடுத்தலாம் என்றிருந்த அந்தக் கொஞ்ச இடைவெளியும் போனது. அந்த வேலை யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்: எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று வாராவாரம் எழுதித் தரும் டைம்ஷீட். வெளியிலிருப்பவருக்கு அது ஓர் அலுவலகச் சடங்கு. உள்ளே இருப்பவருக்கு, தன் நலனும் நிறுவனத்தின் நலனும் நேருக்கு நேர் மோதும் ஒரே ஆவணம்.

ஒரு இளையவருக்கு, வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி என்ற பகுதியைத் தருகிறார்கள். அதற்கு ஒதுக்கிய நேரம், அதாவது பட்ஜெட், 40 மணி. பாக்கிப் பட்டியலை லெட்ஜரோடு ஒப்பிட வேண்டும், பெரிய பாக்கிதாரர்களுக்கு உறுதிப்படுத்தல் கடிதம் அனுப்ப வேண்டும், பதில் வராதவற்றுக்கு ஆண்டு முடிவுக்குப் பின் வந்த வங்கி வரவைத் தேடிப் பார்க்க வேண்டும், வராக்கடன் ஒதுக்கீட்டைச் சோதிக்க வேண்டும். கிளையன்ட் தந்த முதல் பட்டியலின் கூட்டுத்தொகை லெட்ஜரோடு ஒத்துவரவில்லை. இரண்டாவது பட்டியல் மூன்று நாள் கழித்து வருகிறது. அதில் வெளிநாட்டுக் கிளையைக் காணோம். மூன்றாவதுதான் சரி. அதற்குள் முதல் பட்டியலிலிருந்து எடுத்த மாதிரிகள் வீணாகி, திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. மொத்தம் 58 மணி. வெள்ளிக்கிழமை டைம்ஷீட் போடும்போது, மேனேஜருக்குக் கீழே இளையவர்களை மேற்பார்க்கும் சீனியர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "பட்ஜெட்டைத் தாண்டிப் போட்டுடாதீங்க, மேனேஜர் கேப்பாங்க" என்கிறார். இளையவர் 42 என்று எழுதுகிறார். 16 மணி நேரம் காற்றோடு போனது.

காணாமல் போன அந்த 16 மணி நேரம் அடுத்த வருடம் வேறு உருவத்தில் திரும்பி வரும். அப்போது பட்ஜெட் போடுபவர் 'போன வருடம் 42 ஆனது, இப்போது அனுபவம் இருக்கிறது, 40 போதும்' என்பார். புதிதாக வரும் இளையவர், தான் மட்டும்தான் மெதுவானவன் என்று நினைத்து அவரும் குறைத்து எழுதுவார். பார்ட்னருக்கு இந்தக் கிளையன்ட் லாபமானதாகத் தெரியும். கட்டணத்தை உயர்த்தவோ, பட்டியலைச் சரியாகத் தரச் சொல்லிக் கண்டிக்கவோ அவருக்குக் காரணமே இருக்காது. தாமதம் செய்த கிளையன்டுக்கு எந்தச் செலவும் இல்லை. மொத்தச் செலவையும் ஏற்றவர் அணியிலேயே குறைவாகச் சம்பளம் வாங்குபவர்.

இது புதிய நோய் இல்லை. தணிக்கையாளரின் பொறுப்புகளை ஆராய அமெரிக்காவில் அமைக்கப்பட்ட கோஹன் கமிஷன் 1978-லேயே நேர நெருக்கடியையும் பட்ஜெட் நெருக்கடியையும் தரக்குறைவான தணிக்கைக்கு முக்கியக் காரணங்களாகச் சுட்டியது. நேரத்தைக் குறைத்து எழுதுவது இதன் சாதுவான வடிவம்தான். அடுத்த படி, செய்யாத சோதனையைச் செய்ததாகக் குறித்துவிடுவது. முதல் படிக்குப் பழகியவருக்கு இரண்டாவது அவ்வளவு தூரமாகத் தெரியாது என்பதுதான் என் கவலை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? 40 மணி முடிந்த பிறகு சொன்னால் அது சாக்குப்போக்கு. 25-ஆவது மணியிலேயே, எழுத்தில், காரணத்தோடு சொன்னால் தகவல். 'முதல் இரண்டு பட்டியல்கள் ஒத்துவரவில்லை, மாதிரிகளைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது, இன்னும் 15 மணிக்கு மேல் ஆகும்' என்று இரண்டு வரி போதும். அதைப் பார்த்து மேனேஜர் கிளையன்டிடம் பேசவும் முடியும், கூடுதல் கட்டணம் கேட்கவும் முடியும். அப்படிச் சொன்ன பிறகும் குறைத்து எழுதச் சொல்லும் அணி என்றால், அந்த அணியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது.

இதே அவசரம் தேர்வு அறைக்குள்ளும் நுழைந்திருக்கிறது. 2019-இல் கேபிஎம்ஜியின் அமெரிக்க நிறுவனம் 5 கோடி டாலர் அபராதம் கட்டியது. உள் பயிற்சித் தேர்வுகளில் விடைகளைப் பகிர்ந்துகொண்டது அதன் காரணங்களில் ஒன்று. 2022-இல் ஈஒய்யின் அமெரிக்க நிறுவனத்துக்கு 10 கோடி டாலர். அங்கே காப்பியடித்தது எதில் என்று பார்த்தால், தொழில் உரிமத்துக்கான தேர்வுகளில் நெறிமுறை குறித்த பகுதியும் இருந்தது. 2024-இல் கேபிஎம்ஜியின் நெதர்லாந்து நிறுவனத்துக்கு 2.5 கோடி டாலர். 'எல்லாரும் பண்றாங்க' என்று விடைத்தாள் வாங்குபவர் ஒன்றை மறந்துவிடுகிறார். அபராதம் கட்டுவது நிறுவனம். உரிமம் அவர் பெயரில் இருக்கிறது. வேலை மாறும்போது கூடவே வரும் சொத்து அது ஒன்றுதான்.

எந்தப் பிரிவில் சேர்வது என்பது அடுத்த பெரிய முடிவு. பலர் அதை முடிவென்றே உணராமல் எடுக்கிறார்கள். தணிக்கை ஒரு கம்பெனியை முழுசாகப் பார்க்க வைக்கும்: விற்பனை, சரக்கு, சம்பளம், கடன், வரி எல்லாம். அதனால் அங்கிருந்து போகும் வழிகளும் அதிகம். வரிப் பிரிவு ஆழமானது, சீசன் கொஞ்சம் சீராக இருக்கும். ஆனால் அந்த அறிவு பெரும்பாலும் ஒரு நாட்டின் சட்டத்தோடு கட்டுண்டது. எல்லை தாண்டினால் பாதி மதிப்பு போய்விடும். கம்பெனி வாங்கல் விற்றலுக்கு நிதி ஆய்வு செய்யும் பிரிவுகளில் சம்பளமும் வேகமும் உண்டு, ஆனால் சந்தை படுத்தால் முதலில் ஆட்டம் காண்பதும் அவைதான். கன்சல்டிங் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை, ஒன்றைத் தவிர: கணக்கியல் தகுதிக்காக உழைத்த ஒருவர் அந்தத் தகுதி தேவையே படாத வேலைக்கு முதல் வருடத்திலேயே போவதில் அவசரம் எதுவும் இல்லை.

பிரிவைவிட நுட்பமாக நம்மை அடையாளப்படுத்துவது துறை. முதல் இரண்டு வருடம் வங்கித் தணிக்கையில் போட்டால் நீங்கள் வங்கிக்காரர். யாரும் உங்களைக் கேட்டு முடிவு செய்வதில்லை. அட்டவணை போடுபவருக்கு அந்த மாதம் ஆள் குறைந்த இடம் அது, அவ்வளவுதான். இதைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல், எந்தத் துறையில் புதிய கணக்கியல் தரநிலை வரப்போகிறது என்று பார்த்துக் கேட்டு வாங்குவது கெட்டிக்காரத்தனம். 2018-இல் ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலை நடைமுறைக்கு வந்தபோது, எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பைக் கணக்கிடத் தெரிந்த இளையவரிடம் இருபது வருட அனுபவம் உள்ளவர்களே போய்ச் சந்தேகம் கேட்க வேண்டியிருந்தது. 2023-இல் காப்பீட்டுக்கான ஐஎஃப்ஆர்எஸ் 17 அதே வாய்ப்பைத் தந்தது. லாப நட்டக் கணக்கின் அமைப்பையே மாற்றும் ஐஎஃப்ஆர்எஸ் 18, 2027 ஜனவரி 1 அன்று அல்லது அதற்குப் பிறகு தொடங்கும் ஆண்டுகளுக்கு வருகிறது. மூத்தவரும் இளையவரும் ஒரே பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும் தருணங்கள் இந்தத் தொழிலில் அபூர்வம்.

எப்போது விலகுவது? தகுதித் தேர்வு முடிவதற்கு முன் விலகுவதில் பெரும்பாலும் நஷ்டம்தான். உடல்நலமோ மனநலமோ கெடுகிறது என்றால் அந்தப் பேச்சே வேறு, அங்கே இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தகுதி கிடைத்த உடனே போகிறவர்களுக்குச் சந்தை நன்றாக இருக்கும். ஆனால் என் கணிப்பில், சீனியராக ஒரு முழுச் சீசன் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இன்னும் நன்றாக இருக்கும். அந்த ஒரு வருடத்தில்தான் பிறர் வேலையைத் திருத்தவும், கிளையன்டின் நிதித் தலைவரிடம் வராத பட்டியலைக் கேட்டு வாங்கவும், எதை விட்டுவிடலாம் எதை விடக்கூடாது என்று தீர்மானிக்கவும் கற்கிறோம். வெளியே சம்பளம் கொடுப்பவர்கள் தேடுவது அதைத்தான்.

கிளையன்ட் கம்பெனிக்கே போகிறவர்கள் ஒரு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2002-இன் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி, ஒரு கம்பெனியின் தலைமை நிர்வாகியோ நிதித் தலைவரோ தலைமைக் கணக்கு அதிகாரியோ முந்தைய ஓராண்டுக்குள் அதன் தணிக்கையில் பங்கெடுத்தவராக இருந்தால், அந்தத் தணிக்கை நிறுவனம் தொடர்ந்து தணிக்கை செய்ய முடியாது. இளையவர்களுக்கு அந்த உச்சப் பதவிகள் உடனே வரப்போவதில்லை. ஆனாலும் கிளையன்டோடு வேலை பற்றிப் பேச ஆரம்பித்த அன்றே தன் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது, தணிக்கையாளர் கிளையன்டைச் சாராதிருக்க வேண்டும் என்ற சுதந்திரத்தன்மை விதிகளில் உண்டு. சத்தமில்லாமல் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் சொன்னால் சிக்கல்.

மேனேஜர் நிலை வந்ததும் வேலையின் சாரமே மாறுகிறது. கணக்கு பார்ப்பது குறையும்; கட்டணப் பேச்சு, ஆள் ஒதுக்கீடு, புதிய வேலை பிடிப்பது கூடும். நல்ல கணக்காளர்கள் பலர் இங்கே வந்து வாடிப்போகிறார்கள், திறமை இல்லாததால் அல்ல, அது விற்பனை வேலை என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால். பார்ட்னர் ஆவது இன்னும் வேறு. லாபப் பங்குள்ள பார்ட்னர் முதலீடு போட வேண்டும், பலர் அதற்குக் கடன் வாங்குகிறார்கள். சம்பளத்துக்கு மட்டும் பார்ட்னர் என்ற பெயரோடு இருப்பவர்களும் உண்டு.

பார்ட்னர் பதவி என்ற அந்தப் பெரிய பரிசின் உருவமே இப்போது மாறிவருகிறது. 2021-இல் அமெரிக்காவின் ஐஸ்னர்ஆம்பர் நிறுவனத்தில் டவர்புரூக் என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் பணம் போட்டது. 2024-இல் கிராண்ட் தார்ன்டனின் அமெரிக்க நிறுவனத்தில் நியூ மவுன்டன் கேப்பிடல் என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனம் வந்தது. நான்கு பெரியவற்றுக்கு அடுத்த வரிசையில் இது பரவிவருகிறது. இன்றைய பார்ட்னர்கள் எதிர்கால லாபத்தின் ஒரு பகுதியை இன்றே விற்றுக் காசாக்குகிறார்கள். விற்ற பிறகு மிஞ்சுவதைத்தான் பன்னிரண்டு வருடம் கழித்து வருபவர் பங்கு போட வேண்டும். ஈஒய் தன் தணிக்கையையும் கன்சல்டிங்கையும் இரண்டாகப் பிரிக்க 2022-இல் திட்டமிட்டு 2023 ஏப்ரலில் கைவிட்டது. அப்படி ஒரு பிரிவு நடந்திருந்தால் எந்தப் பக்கம் போவது என்பதில் இளையவர்களுக்குப் பெரிதாகக் குரல் இருந்திருக்காது.

கூம்பின் அடித்தட்டும் மெலிந்துகொண்டிருக்கிறது. பில்லையும் பேரேட்டையும் ஒப்பிடுவது, வங்கி உறுதிப்படுத்தலைத் துரத்துவது, கூட்டிப் பார்ப்பது எல்லாம் இப்போது வேறு நாட்டுச் சேவை மையங்களுக்கோ மென்பொருளுக்கோ போகின்றன. அலுப்பான வேலை ஒழிந்தது என்று மகிழலாம். ஆனால் ஆயிரம் பில்களைப் புரட்டியவருக்குத்தான் ஆயிரத்தோராவது பில்லில் தேதி கொஞ்சம் இடிக்கிறது என்று படும். 2020-இல் ஜெர்மனியின் மின்னணுக் கட்டணச் சேவைக் கம்பெனியான வயர்கார்டில் 190 கோடி யூரோ இல்லவே இல்லை என்று தெரியவந்தது. வங்கியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பணம் உண்மையில் இருக்கிறதா என்று சரியான இடத்தில் கேட்கும் அடிப்படைச் சோதனை அங்கே பேசுபொருளானது. அப்படி ஒரு சோதனையைக் கையால் ஒருமுறைகூடச் செய்யாமல் ரிவ்யூ செய்யும் நிலைக்கு உயரும் தலைமுறை வரப்போகிறது. அவர்களுக்கு அந்தச் சந்தேகப் புத்தியை எப்படிக் கற்றுத்தருவது என்பதற்கு நிறுவனங்களிடம் நல்ல பதிலை நான் இன்னும் பார்க்கவில்லை. நடுத்தர நிறுவனத்தில், ஒரு சின்னக் கம்பெனியின் கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தானே முடிக்கும் இளையவர், பெரிய பெயரில்லாவிட்டாலும், இதில் ஒரு படி முன்னால் இருக்கிறார்.

நேர்காணலின் கடைசியில் 'உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா' என்பார்கள். போன சீசனில் இந்த அணியில் இருந்த இளையவர்களில் எத்தனை பேர் இந்த சீசனிலும் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். தேர்வுக்கு முந்தைய விடுப்பு சீசனோடு மோதினால் எது ஜெயிக்கும் என்று கேட்கலாம். கடைசியாக எந்தக் கிளையன்டிடம், ஏன் கூடுதல் கட்டணம் கேட்டீர்கள் என்றும் கேட்கலாம். கிளையன்ட் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் அப்படிக் கேட்டதே இல்லை என்றால் அந்த மணி நேரங்களை யார் சுமந்தார்கள் என்று ஊகிக்கலாம்.